புது உருமாற்றம்: முதல் வாரத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

உருமாறிய கொரோனா என்று டிவியில் ஓட ஆரம்பித்த அன்றே வாட்ஸ்அப்பில் "இது லேசானதுதான்" என்று பாதிப் பேர், "பழசை விடக் கொடியது" என்று மீதிப் பேர். முதல் வாரத்தில் இரண்டுக்குமே ஆதாரம் இருக்க வழியில்லை.

முதலில் கைக்கு வருவது மரபணு வரிசை, அதாவது வைரஸின் மரபணு எழுத்துகளைப் படித்த பட்டியல், மட்டும்தான். ஒமைக்ரானைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தென்னாப்பிரிக்கா தெரிவித்தது 2021 நவம்பர் 24. பெயர் வைத்தது 26. வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்தில் 30-க்கு மேல் மாற்றங்கள் என்பது அப்போதே தெரியும். வீரியம் எவ்வளவு என்பது தெரியப் பல வாரம் ஆனது. தொற்றியவர் மூச்சுத்திணறி அட்மிட் ஆகவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதலில் மாட்டுவது பெரும்பாலும் வெளியே சுற்றும் இளவட்டம். பலருக்குத் தடுப்பூசியாலோ பழைய தொற்றாலோ எதிர்ப்பு இருக்கும். இதையெல்லாம் கழித்துப் பார்க்காமல் வீரியத்தைச் சொல்வது வெறும் ஊகம்.

ரேபிட் கிட் புது வகையையும் பெரும்பாலும் காட்டிவிடும். அது தேடுவது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை, ஸ்பைக்கை அல்ல.

ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு போய்வரும் கூட்டத்தைப் பார்த்தால், அங்கே பரவுவது இங்கே வர எத்தனை நாள் ஆகும்? ஆனாலும் "நம்ம மாவட்டத்தில் இல்லை" என்று பேசுகிறோம். இல்லையா, அல்லது பரிசோதனைக்கு எடுத்த மாதிரி சரியில்லாததால் தெரியவில்லையா? இதைத்தான் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் ஸ்வாப் குச்சியை மூக்கு வாசலில் தடவினால் போதாது. மேல்நோக்கிக் குத்தாமல், அண்ணத்துக்கு இணையாக, பின்சுவரில் முட்டும் வரை செலுத்தி, சில நொடி வைத்திருந்து சுழற்றி எடுக்க வேண்டும். அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் எடுத்தால்தான் வைரஸ் நிறைய கிடைக்கும். ஸ்வாப்பைப் போட்டு அனுப்பும் திரவம் உள்ள விடிஎம் குழாய் 2 முதல் 8 டிகிரியில், 72 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் பேக் உருகிப்போன பெட்டியில் பென்னாகரத்திலிருந்து வரும் மாதிரியில் வைரஸின் மரபணுவான ஆர்என்ஏ சிதைந்திருக்கும். ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் வைரஸ் தென்பட எத்தனை சுற்று ஆனது என்பதே சிடி அளவு; அது 3.3 ஏறினால் வைரஸ் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். 30-ஐத் தாண்டினால் மரபணு வரிசையில் ஓட்டை விழும்; எந்த வகை என்று சொல்ல முடியாமல் அந்த மாதிரி கணக்கிலிருந்தே போய்விடும். சென்னை தேனாம்பேட்டையில் 2021-லேயே மாநில மரபணு ஆய்வகம் வந்தாயிற்று. குறை அங்கே இல்லை, இங்கிருந்து போகும் பெட்டியில் இருக்கிறது. வெளியூர் போய் வந்தவர்களை மட்டும் தேடாமல், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வார்டில் படுத்திருப்பவர்களிடமும் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் 60 வயது தாண்டியவரோ சுகர்காரரோ இருந்தால், என்ன வகை என்ற ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்; வண்டி இல்லையென்றால் 108.