இணையம் வந்ததால் பள்ளி நூலகர் தேவையற்றவராகிவிட்டாரா?

"தேடுபொறி எல்லாவற்றையும் தந்துவிடுகிறது, இணையத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நூலகரின் வழிகாட்டுதல் வேண்டியதில்லை" என்ற கூற்று பரவிவருகிறது. இது தவறு.

கருவியை விரைவாக இயக்குவதும் அதில் வரும் செய்தியை எடைபோடுவதும் வெவ்வேறு திறன்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், விளம்பரதாரர் பணம் கொடுத்து வெளியிட்ட உள்ளடக்கம் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்த விளம்பரத்தையே உண்மையான செய்தி என்று நம்பினர். அவர்கள் இணையத்தோடு வளர்ந்தவர்கள்தாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கத்தை எழுதியவர் யார், அவருக்கு அதில் என்ன ஆதாயம், அதே செய்தியை வேறு நம்பகமான மூலங்கள் எப்படிச் சொல்கின்றன என்று சரிபார்க்கும் பழக்கத்தை, ஆசிரியரோடு இணைந்து பாடத்தின் ஊடாகவே பயிற்றுவிப்பது இன்றைய நூலகரின் முதன்மையான பணி. உலகில் இல்லாத நூல்களைக்கூடச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மேற்கோளாகப் புனைந்து தரும் இக்காலத்தில் அப்பணி பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. மின்னூல்களும் தாமாக வந்து சேர்வதில்லை. அவற்றில் பல காலவரம்புள்ள உரிமமாகவே பெறப்படுவதால், எதைப் புதுப்பிப்பது, எதை விடுவது என்பதை மாணவரின் தேவை அறிந்த ஒருவர் தீர்மானிக்க வேண்டும்.

இரவல் கணக்கு, நூற்பட்டியல் போன்ற வேலைகளில் பெரும்பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டது உண்மையே. அப்படி மிச்சமாகும் நேரம்தான் மேற்சொன்ன பணிகளுக்குத் தேவைப்படுகிறது.