ரிசீவர் காட்டும் எண்களில் எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து அமைப்புகளைத் தானே எழுதிக்கொள்ளும் தானியங்கி அளவீட்டை ஓட்டி முடித்ததும் ஒலி முன்பைவிட மெலிந்துவிட்டது என்று பலர் குறைப்படுகிறார்கள். உடனே பட்டியலைத் திறந்து, தவறாகத் தெரிகிற எண்களையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். அங்கேதான் பாழாகிறது. தவறாகத் தெரிகிற எண் பெரும்பாலும் சரியானது. பார்வைக்குக் குறையில்லாத ஒரு தேர்வுதான் பல வீடுகளில் ஒலியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியின் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். பெட்டி 3 மீட்டரில் இருக்கும். ரிசீவரோ 5 மீட்டர் என்று காட்டும். அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு 3 என்று திருத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ரிசீவர் அளப்பது நேரத்தை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணிக்கிறது. ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர். சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டியும் மின்சுற்றும் 6 மில்லிநொடி தாமதம் செய்தால், அது 2 மீட்டர் கூடுதல் தூரமாகப் பட்டியலில் ஏறும். நாம் அதை அழித்துவிட்டால் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ் எங்கே போனது என்று அப்புறம் தேட வேண்டியதுதான்.

மாற்ற வேண்டியது வேறு. முன் ஸ்பீக்கர்களுக்கு ரிசீவர் ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால், ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது பேஸ் சப்வூஃபருக்குக் கைமாறும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஒலித்தரச் சான்று வழங்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கும் எண்ணும் இதுவே. ஆளுயர ஸ்பீக்கருக்கு ‘ஸ்மால்’ என்று போட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தேர்வு பெட்டியின் உயரத்தைப் பற்றியதே அல்ல. ஆழமான பேஸை யார் சுமப்பது என்பதைப் பற்றியது. அந்தச் சுமையைச் சப்வூஃபரிடம் விட்டால் ரிசீவரின் ஆம்ப்ளிஃபயருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அளவீடு 100 ஹெர்ட்ஸ் என்று சொன்ன ஸ்பீக்கரை 80க்கு இறக்காதீர்கள். ஏற்றலாம், இறக்கக் கூடாது. சப்வூஃபரின் முதுகில் தனியாகக் கிராஸ்ஓவர் திருகு இருந்தால் அதை உச்ச எண் வரை திருப்பிவிடுங்கள்; ஒரே வேலையை இரண்டு வடிகட்டிகள் செய்ய வேண்டாம்.

சப்வூஃபரின் ஒலியளவு மைனஸ் 12 டெசிபலில் நிற்கிறதா? பல ரிசீவர்களில் அதுதான் கடைசி எல்லை. அதற்குக் கீழே இறங்க வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். பெட்டியின் வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு ஸ்பீக்கரின் கம்பி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம் என்று சொல்லும் ஃபேஸ் எச்சரிக்கை வந்தால் கம்பிகளின் கூட்டல், கழித்தல் முனைகளைப் பாருங்கள். சரியாக இருந்தால் மேலே தொடரலாம்; சில ஸ்பீக்கர்களின் வடிவமைப்பே அந்த எச்சரிக்கையை வரவழைக்கும்.

இத்தனைக்கும் அடிப்படை மைக்தான். சோபாவின் முதுகுச் சாய்மானத்தில் அதை வைத்து அளப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மெத்தையில் பட்டுத் திரும்பும் ஒலியும் கணக்கில் சேர்ந்துவிடும். கேமரா முக்காலியில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். மின்விசிறியை அணையுங்கள். முதல் அளவீடு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே இருக்கட்டும். தூரமும் ஒலியளவும் பெரும்பாலும் அதிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. மற்ற இடங்களையும் அதைச் சுற்றி நெருக்கமாகவே தேர்ந்தெடுங்கள். அறையின் எல்லா நாற்காலிகளையும் திருப்திப்படுத்தப் போனால் யாருக்கும் நல்ல ஒலி கிடைக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட இருக்கையில் மட்டும் பேஸ் காணாமல் போனால், குற்றம் அறையினுடையது. 4.3 மீட்டர் நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் அருகே நிலை அலை, அதாவது சுவர்களுக்கிடையே நகராமல் நின்று அதிரும் அலை, உருவாகும். நீளவாக்கில் நட்டநடுவே அமர்பவருக்கு அந்தச் சுருதி ஏறக்குறைய கேட்கவே கேட்காது. சுருதிவாரியாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அதை ஏற்ற ஏற்ற ஆம்ப்ளிஃபயர்தான் திணறும், பள்ளம் நிரம்பாது. இருக்கையை முன்னோ பின்னோ அரை மீட்டர் நகர்த்துங்கள், முடியாவிட்டால் சப்வூஃபரை இடம் மாற்றுங்கள். அதன் பிறகு முதலிலிருந்து மறுபடி அளந்து பாருங்கள்.