குடூரு லிஸ்பனில் பிறந்ததா?

"குடூரு இசையை உருவாக்கியது போர்ச்சுகலின் புராக்கா சோம் சிஸ்டெமா குழுதான்" என்று ஒரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

குடூரு பிறந்த ஊர் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டா. 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும், உள்நாட்டுப் போருக்கு நடுவே அது உருவானது. இசைக்கலைஞர் டோனி அமாடோவை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். வேகமான மின்னணுத் தாளம், அதன் மேல் கத்திப் பாடும் குரல், இடுப்பை இறுக்கி ஆடும் ஆட்டம். 'இறுகிய பின்புறம்' என்பதுதான் பெயரின் பொருளே.

புராக்கா குழு தொடங்கியது 2006இல்தான். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனை ஒட்டிய புராக்கா பகுதியின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். குழுவில் இருந்த கலாஃப், 'கண்டக்டர்' என்ற மேடைப்பெயர் கொண்டவர் இருவரும் அங்கோலாக்காரர்கள். கேட்டு வளர்ந்த இசையை டெக்னோ என்ற மின்னணு நடன இசையோடு கலந்து ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டுபோனது இவர்களின் பெரும் சாதனை. அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் லுவாண்டாவின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்ததை லிஸ்பன் கணக்கில் எழுதுவது அநியாயம்.

அவர்களே அப்படி உரிமை கொண்டாடவில்லை. ஈழத்தமிழ் வம்சாவளிப் பாடகி எம்.ஐ.ஏ. சேர்ந்து பாடிய 'சவுண்ட் ஆஃப் குடூரு' பாட்டில் அங்கோலாவின் டிஜே ஸ்னோபியா, புட்டோ பிராட்டா, சபோரோசா ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. 2016இல் குழு மேடையை விட்டு விலகியது. லுவாண்டாவில் குடூரு இன்னும் ஒலிக்கிறது.