பிச்சிப்பூ யாருக்கு மக்கா?

போன சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் இசை நாடகம் ஒன்று பார்த்தேன். நடித்தவர்களில் பாதிக்கு மேல் திருநங்கைகள். கதையும் ஒரு திருநங்கையின் கதைதான். இரண்டு மணி நேரத்தில் ஒரு சாவு கிடையாது, விஷப் பாட்டில் கிடையாது, அடிபட்டு மழையில் நிற்கும் காட்சி கிடையாது. ஒரு பிள்ளை தான் யார் என்று கண்டுபிடிக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் பாடுகிறாள், ஆடுகிறாள், கடைசியில் ஊரே அவளோடு சேர்ந்து ஆடுகிறது. நாலு நாளாகியும் அந்தப் பாட்டுகள் காதை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

திரை விலகியதும் மேடையில் இருந்தது வில். நிஜ வில், மணி கட்டி, பக்கத்தில் குடமும் உடுக்கையும். "தந்தனத்தோம்" என்று எடுத்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா முப்பது வருஷம் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். வெளி மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் அம்மன் கோயில், மாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா, என்றால் வில்லு இருக்கும். ராத்திரி முழுக்கக் கதை பாடுவார்கள். முதலில் காப்பு, பிறகு குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி. நாடகக்காரர்கள் இந்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் வரும் கதையை மட்டும் நடிப்பும் பாட்டும் ஆட்டமுமாக விரித்திருந்தார்கள்.

கதை தோவாளைப் பக்கம் ஒரு பூக்கட்டும் வீட்டில் தொடங்குகிறது. அம்மை, ஆச்சி, பிள்ளை மூணு பேரும் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுகிறார்கள். நனைத்த வாழைநார், இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அந்தக் கை அசைவையே தாளமாக வைத்து ஒரு பாட்டு. கட்டி முடித்ததும் ஒரு முழம் மிச்சம். ஆச்சி கேட்கிறாள், "இது யாருக்கு மக்கா?" டவுசர் போட்ட அந்தப் பிள்ளை அம்மையைப் பார்க்கிறது, நம்மைப் பார்க்கிறது, பிறகு மெல்லச் சொல்கிறது, "எனக்குத்தான்." குடம் அங்கே நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, வாய்க்குக் கொண்டுபோன முறுக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஆச்சி அந்த முழத்தைப் பிள்ளையின் காதோரம் செருகிவிட்டு, "பெறவு என்ன, நல்லாத்தான இருக்கு" என்கிறாள். உடனே உடுக்கை எகிறியது பாருங்கள், கைத்தட்டலில் பாட்டின் முதல் அடியே கேட்கவில்லை.

அடுத்தது பெயர் தேடும் காட்சி. இதை யோசித்தவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். வளர்ந்துவிட்ட பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். மேடை பூச்சந்தையாக மாறுகிறது. தோழிகள் கூடை கூடையாகப் பெயர்களைக் கொண்டுவந்து ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொரு பெயரையும் அவள் எடுத்து முகர்ந்து பார்க்கிறாள், தலையில் வைத்துப் பார்க்கிறாள், திருப்பிக் கொடுக்கிறாள். நடிகைகள் பெயர் எல்லாம் வந்து போகிறது. கடைசியில் அவள் கேட்டு வாங்குவது ஆச்சியின் பெயரை. செத்துப்போனவர் பெயரைப் பேத்திக்கு இடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே? ஆச்சியோ உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். "எம்பேரு எனக்கே இன்னும் தீரல்லியே" என்று சொல்லிக்கொண்டே கொடுக்கிறாள்.

அப்புறம் பஸ். 2021-லிருந்து நம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களைப் போலத் திருநங்கைகளும் கட்டணமில்லாமல் போகலாம். அந்தச் சின்ன டிக்கெட்டை வைத்து ஒரு முழுப் பாட்டு கட்டியிருக்கிறார்கள். கண்டக்டர் நெரிசலில் கையை நீட்டி, முகத்தைக்கூடப் பார்க்காமல், "அக்கா, டிக்கெட் இந்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். அவருக்கு அது நூறில் ஒரு டிக்கெட். இவள் அதைப் பிடித்துக்கொண்டு "அக்கான்னு சொன்னாரு, அக்கான்னு சொன்னாரு" என்று பஸ் முழுக்கப் பாடுகிறாள். கூடையோடு நிற்கும் மீன்காரப் பாட்டியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஆடுகிறார்கள்.

ஒரு முறைப்பெயர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் அத்தை வீட்டில் மூத்தது என்னைவிட மூன்று வயது பெரிசு. சின்ன வயசில் நான் அத்தான் என்று கூப்பிட்டேன். இப்போது மைனி, அதாவது மதினி. இந்தப் பதிவில் முழுக்க மைனி என்றே எழுதுகிறேன், அன்றைக்கும் அவள் மைனிதான், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஊர் சுடலைமாடன் கொடைக்குக் கணியான் கூத்து வரும். மகுடப் பறை முழங்க, இரண்டு ஆண்கள் சேலை கட்டி, சலங்கை கட்டி ஆடுவார்கள். ஊரே கண் கொட்டாமல் பார்க்கும். எனக்கு ஒன்பது வயதில், ஒரு கொடை முடிந்த மறுநாள் மத்தியானம், மைனி அத்தையின் சேலையைக் கட்டி, சாவிக்கொத்தைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு அந்த ஆட்டத்தை எங்களுக்கு ஆடிக் காட்டினாள். ஒரு சுற்று தப்பவில்லை. அந்த முகத்தை அவ்வளவு வெளிச்சமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த நேரம் அவள் அப்பா வந்துவிட்டார். முந்தைய ராத்திரி அதே ஆட்டத்துக்கு ரூபாய் நோட்டு குத்தியவர். பூவரசங்கம்பு முறியும் வரை அடித்தார். பதினேழு வயதில் மைனி ரயில் ஏறிவிட்டாள்.

என் அப்பா இறந்தபோது வந்தாள். தெருவில், எதிர்வீட்டு மதிலோரமாக நின்றாள். ஆண்கள் பந்தலில் நிற்பதா, பெண்கள் இருக்கும் திண்ணைக்கு வருவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்து, "மைனி, இங்க வா" என்று பெண்கள் நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். அந்தச் சாவு வீட்டில் அவள் என்னைப் பார்த்த பார்வையைத்தான் சனிக்கிழமை அந்த பஸ் பாட்டில் திரும்பப் பார்த்தேன். மைனி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நாடகம் முடிந்து வெளியே வந்ததும், நல்ல வாசிப்பு உள்ள ஒரு நண்பர் கேட்டார், "எல்லாம் சரி, ஆனா இதுவா நிஜம்? கஷ்டத்தைக் காட்டவே இல்லையே?" அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கஷ்டத்தைத் தவிர வேறு எதை இத்தனை வருஷம் காட்டியிருக்கிறோம்? சினிமாவில் திருநங்கை வந்தால் ஒன்று கேலி, இல்லை பயம், இல்லை சாவு. வருஷா வருஷம் சித்திரையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. பத்திரிகையில் நமக்கு வந்து சேரும் படம் பெரும்பாலும் தாலி அறுத்து வெள்ளைச் சேலையில் அழும் முகம். முந்தைய ராத்திரி தலை நிறையப் பூவோடு தாலி கட்டிக்கொண்டு சிரித்த முகங்களும் அதே ஊரில், அதே கோயிலில்தான் இருந்தன.

எங்கள் வில்லுப்பாட்டுக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் அதில் எத்தனை பேர்! முத்துப்பட்டன் வெட்டுப்பட்டுச் செத்தான், பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்கினார்கள். இசக்கியின் கதை நம்பியவன் கையால் கொலையான பெண்ணின் கதை. அவள் கோயில் இருக்கும் முப்பந்தலில் இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. இந்தக் கதைகள் மேல் எனக்கு உயிர். உயிரோடு இருக்கும்போது விரட்டிவிட்டோம், செத்த பிறகாவது பீடம் போட்டுக் கும்பிடுவோம் என்கிற ஊர்களின் குற்ற உணர்ச்சி அதற்குள் இருக்கிறது, அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் ஒருத்தி சாகும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? சனிக்கிழமை மேடையில், அதே வில்லில், அதே உடுக்கையில், உயிரோடு நிற்கும் ஒருத்தியின் கதையைப் பாடினார்கள். என் வயசுக்கு அப்படி ஒரு வில்லுப்பாட்டை நான் கேட்டதில்லை.

வீட்டுக்குள் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்தால் அதன் அம்மைக்குப் பயப்பட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஊர் என்ன சொல்லும், யார் அடிப்பார்கள், எந்த ரயிலில் போய்விடும் என்கிற பயம் எல்லாம் அவளுக்கு ராத்திரி தூக்கத்திலேயே வரும். தன் பிள்ளை முப்பது வயதில் சந்தோஷமாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அதைக் காட்ட ஆள் இல்லை. என் அத்தைக்கும் யாரும் காட்டவில்லை.

காட்டுவதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அ. ரேவதி தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தானே மேடையில் நின்று நடித்தார். 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது நம் மாநிலம். அந்த ஏப்ரல் 15-ஐத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2014-ல் மூன்றாம் பாலினத்தை ஏற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே ஏப்ரல் 15-ல்தான். நாடகத்திலும் சட்டம் ஓரிடத்தில் வருகிறது. 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் அடையாளச் சான்றிதழில் தன் பெயரை அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது, பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் "ஆமா" போடுகிறார்கள். அரசாங்கக் காகிதத்துக்கு ஆமா போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பிள்ளைகள் பார்த்தால் கெட்டுப்போகும்" என்று இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி இங்கேதான் இருக்கிறது. அவர் நாடகம் நடித்து வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் சண்முகம் அவ்வையாராக வேஷம் போட்டார். அது அவ்வளவு பொருந்திப்போய், கடைசி வரை அவர் அவ்வை சண்முகம்தான். ஸ்திரீ பார்ட் போட்ட பையன்களைக் கொண்டாடிய நம் பாட்டன்மார் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆண் பெண்ணாக நடித்தால் கலை, ஒரு பெண் தான் பெண் என்று சொன்னால் மட்டும் கேடா?

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதியில் டாக்டர் வந்து விளக்கம் சொல்லும் பாட்டு நீளம், பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. பதிவு செய்த இசையைச் சத்தமாகப் போட்டு உடுக்கையை அமுக்கிவிட்டார்கள். முரட்டு அப்பா ஒரே பாட்டில் மனசு மாறிவிடுகிறார், நான் பார்த்த அப்பாக்கள் அப்படி மாறவில்லை. ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதும் உறுத்தியது. அடுத்த முறை இதையெல்லாம் சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன்.

கொடைக் கமிட்டிகளில் இருக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஊர் வரிப்பணத்தில் இன்னிசைக் கச்சேரி வைக்கிறீர்கள். ஒரு வருஷம் ஒரு ராத்திரியில் இரண்டு மணி நேரம் இவர்களுக்குக் கொடுங்கள். மண்டபத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே மனசு திறந்தவர்கள். கோயில் முற்றத்தில்தான் அத்தை மாதிரி ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியில் வாழி பாடினார்கள். கொடையில் சாமிக்கும் ஊருக்கும் பாடுகிற அதே வாழி, அந்தப் பெண்ணுக்கு, பூக்கட்டிய ஆச்சிக்கு, கண்டக்டருக்கு. மண்டபமே எழுந்து நின்றது. மைனி மட்டும் எழவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மைனி?" என்றேன்.

"குடம் ரெண்டாம் பாதியில பிந்துது, கேட்டியா."

சொல்லிவிட்டு நேராக மேடைக்குப் போனாள். குடம் அடித்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். அவனிடம் ஏதோ சொன்னாள், அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். மைனி சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, மட்டையை வாங்கி ஓர் அடி அடித்தாள். திண்ணையில் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சோத்துப்பானையில் பழகிய அடி. ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி போன் பண்ணி, மாமா வைத்திருந்த மட்டை உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று கேட்டாள். கிடக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன்.