மறதிக்கு ரத்தப் பரிசோதனை: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

அல்சைமர் என்ற மறதி நோயை ரத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், அறுபது தாண்டிய எல்லாரும் உடனே எடுத்துப் பாருங்கள் என்று ஒரு வாட்ஸப் செய்தி எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாவது பாதி தப்பு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

இந்த நோயில் அமிலாய்டு, டௌ என்று இரண்டு புரதங்கள் மூளையில் படிகின்றன. அது படிந்திருக்கிறதா என்று பார்க்க இத்தனை காலமும் மூளையைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் எண்பது வயது ஆளைக் கூட்டிக்கொண்டு அதற்காக அலைய எத்தனை குடும்பத்தால் முடியும்? இப்போது பி-டௌ217 என்ற, அந்த டௌவின் ஒரு வகைப் புரதத்தை ரத்தத்திலேயே அளக்கிறார்கள். 2025 மே மாதம் மருந்துக்கும் பரிசோதனைக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இப்படிப்பட்ட ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது. ஆனால் யாருக்கு? 55 வயதுக்கு மேல், ஏற்கெனவே அறிகுறி இருக்கிறவர்களுக்கு. வாட்ஸப் செய்தியில் விட்டுப்போனது இந்த ஒரு வரிதான்.

இந்தப் பரிசோதனை நம் பக்கம் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்குக் காரணம் 2024-இல் வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வு. நினைவுப் பிரச்சினையோடு வந்த 1,213 பேரைப் பார்த்தார்கள். அல்சைமரா இல்லையா என்பதைச் சாதாரண மருத்துவர்கள் சரியாகச் சொன்னது 61 சதவீதம், நிபுணர்களே 73 சதவீதம், ரத்தப் பரிசோதனை சுமார் 91 சதவீதம். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்கவே வேண்டாம், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சு என்ன செய்யும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். என் பெரியம்மா மன்னார்குடிப் பக்கம் தெருப் பெண்களுக்குச் சீட்டு நடத்தியவர். நோட்டெல்லாம் கிடையாது, யார் கட்டினார்கள், யாருக்குப் பாக்கி, எல்லாம் மனக்கணக்கு. திடீரென்று, பணம் கொடுத்தவளிடமே போய் "இந்த மாசம் நீ கட்டலையேடி" என்று கேட்க ஆரம்பித்தார். வாங்கிய பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மறந்துபோனார். தெருவில் யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை, பணத்தை அமுக்கிவிட்டு நடிக்கிறாள் என்றார்கள். அல்சைமர் என்று ஒரு மருத்துவர் சொல்வதற்குள் பாதிப் பேர் எங்கள் வீட்டுப் படியேறுவதையே நிறுத்தியிருந்தார்கள். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை, சரி. லெக்கானமேப், டொனானமேப் என்று வந்திருக்கும் புது மருந்துகளும் ஆரம்ப நிலையில் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஆனாலும் நோய் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பெரியம்மாவுக்குத் திருட்டுப் பட்டம் வந்திருக்காது.

அப்புறம் ஏன் எல்லாரும் எடுக்கக் கூடாது என்கிறேன்? மறதி தெரிய ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடும், படிந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து போகிறவர்களும் உண்டு. நன்றாக நடமாடிக்கொண்டு, நாற்றங்கால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் "பாசிட்டிவ்" என்று ஒரு தாளைக் கொடுத்தால் அவர் தூக்கம் போச்சு. அதுமட்டுமா, நிலம் அவர் பேரில் இருந்தால் அந்தத் தாளைக் காட்டி பட்டா மாற்றக் கிளம்புகிற பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, டெல்டாக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் உப்பு, அதாவது கிரியேட்டினின், கூடியிருப்பவர்களுக்கு இந்தப் புரத அளவும் கூடுதலாகக் காட்டலாம், மூளையில் ஒன்றும் இல்லாமலேயே. வெயிலில் வயல் வேலை செய்தே தேய்ந்தவர்கள், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கிரியேட்டினின் பார்க்காமல் இந்த முடிவை மட்டும் வைத்துக்கொண்டு நோய் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

அதனால் முதலில் பி12, தைராய்டு, சோடியம் பார்க்கட்டும். என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கட்டும், சில தூக்க மாத்திரையும் அலர்ஜி மாத்திரையுமே வயதானவர்களைக் குழப்பிவிடும். சில வாரம் முன்னால் வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதா என்று விசாரிக்கட்டும், உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலும் இதே மறதிதான் வரும். மனச்சோர்வும் இப்படித்தான் தெரியும். இதில் பலதும் சரிசெய்யக்கூடியது. இதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு, கூடவே இருக்கிற மனுஷரிடம் உட்கார்ந்து பேசின மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த ரத்தப் பரிசோதனைக்கு மதிப்பு உண்டு. மாஸ்டர் செக்கப்பில் இன்னொரு வரியாகச் சேர்த்து எந்த லேபாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இது ஏழைக்கும் கிடைக்கிற மாதிரி வரட்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வருகிற அக்காக்கள் "பணம், கணக்கு, வழியெல்லாம் முன்ன மாதிரி பிடிபடுதா?" என்று வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாலே, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, இந்த மாதமே தொடங்கலாம்.