சென்சார்தான் சார்

"சென்சார்தான் சார், ஒண்ணும் ஆகாது, அப்படியே ஓட்டிக்கிட்டு வாங்க." இந்த வாக்கியத்தை முதன்முதலில் உதிர்த்த மகானை ஒருமுறையாவது நேரில் சந்தித்து, அவருடைய வீட்டு வாசலில் என் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்பதே இப்போதைக்கு என் வாழ்வின் ஒரே லட்சியம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆத்தூர் சுங்கச்சாவடியில், முன்னால் நின்ற வண்டியின் ஃபாஸ்டேக்கைப் படிக்க இயந்திரம் அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் காரின் மீட்டருக்குள், இன்ஜின் ஆயிலின் அழுத்தம் விழுந்தால் எரியும் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குப்பி விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. திருவண்ணாமலையில் நடக்கவிருந்த வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தவனுக்கு வழியிலேயே தீப தரிசனம். காரை சர்வீஸ் விட்டு எடுத்து 9 நாள்தான் ஆகியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

பக்கத்து இருக்கையில் இருந்த சகலை, கார் விஷயத்தில் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிறவர். "ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிங்க சகலை, தானா அணைஞ்சிடும்" என்றார். மிதித்தேன், அணைந்தது. ஏதோ நோயைக் குணப்படுத்திவிட்ட வைத்தியரைப் போல அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அணையாமல் வேறு என்ன செய்யும்? ஆயில் பம்பைச் சுற்றுவதே இன்ஜின்தான். அதன் வேகம் கூடினால் பம்ப் மிச்சம் மீதி இருக்கும் ஆயிலை அழுத்தித் தள்ளும், விளக்கும் சற்று நேரம் சமாதானமாகும். சூட்டில் ஆயில் தண்ணீராய் இளகியிருக்க, கார் ஐடிலில் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சுங்கச்சாவடியைத் தாண்டி, காரை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்தேன். "இதுக்குப் போய் நிறுத்துவாங்களா?" என்று பின்னிருக்கையிலிருந்து வந்த குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்பதை, குடும்ப அமைதி கருதி, எழுதாமல் விடுகிறேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். வண்டி எண்ணைக் கேட்டார்கள், கிலோமீட்டர் கேட்டார்கள், கடைசியாக சர்வீஸ் விட்ட தேதியை, அவர்களிடமே விட்ட தேதியை, என்னிடம் கேட்டார்கள். பிறகு 4 நிமிடம் புல்லாங்குழல் இசை. அதன் பின் வந்த ஆலோசகர், நான் "ஆயில் விளக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வழங்கிவிட்டார்: சென்சார். பார்க்காமலே எப்படித் தெரியும் என்றேன். இந்த மாடலுக்கு அது சகஜமாம். நிறுத்துவதற்கு முன் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டதே என்றேன். ரோட்டுச் சத்தமாக இருக்குமாம். கார் அப்போது நின்றுகொண்டிருந்தது என்றேன். அப்படியானால் ஏசி கம்ப்ரஸராம். ஏசியே போடவில்லை என்றேன். சிறிது நேரம் மௌனம். பிறகு வந்தது பாருங்கள் மகா யோசனை: "சென்சார் வயரைக் கழட்டி விட்டுடுங்க சார், லைட்டே எரியாது." உண்மைதான். என்னுடையதைப் போன்ற பழைய கார்களில் அந்த ஒற்றை வயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு எரியாது. குழந்தை அழுதால் வாயில் துணியை அடைத்துவிட்டு, பசி தீர்ந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்று நிரப்புகிறோம் அல்லவா? நெடுஞ்சாலை வேகத்தில் பெரும்பாலான கார்களில் ஆயில் அழுத்தம் ஏறக்குறைய அந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். அது விழுந்து விழுந்து, சுமார் 3 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கிய பிறகுதான் அந்த விளக்கை எரிய வைக்கும் சுவிட்சுக்கே (அவர்கள் சென்சார் என்பது இதைத்தான்) சொரணை வருகிறது. எனவே அது முன்னெச்சரிக்கை விளக்கன்று. ஏறக்குறைய ஊதப்பட்டுவிட்ட சங்கு. இன்ஜினின் பிரதான சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்குகளுக்குள், தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில், ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. அந்தப் படலம் அறுந்தால் இரும்பு உரசும், பேரிங் தேயும், சில நிமிடங்களில் இன்ஜின் ஜாமாகி நிற்கும். ஒரு சுவிட்சின் விலை சில நூறு ரூபாய், இன்ஜின் வேலையின் விலை பல பதினாயிரம். "ஓட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்வதற்கோ காசே கிடையாது.

சென்சார் கெட்டுப்போவதே இல்லையா என்றால், கெடும்தான், மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், இன்ஜினைத் திரும்ப இயக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று, சுவிட்ச் இருந்த துளையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி அளந்து பார்க்க வேண்டும். ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சேம்பரில் கசடு சேர்ந்து வடிகட்டும் வலை அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங்கே போயிருக்கலாம், யாரோ ஒரு புண்ணியவான் தவறான கிரேடு ஆயிலை ஊற்றியிருக்கலாம். இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு சென்சாரைத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

10 நிமிடம் காத்திருந்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தேன். நுனியில்கூட ஈரமில்லை. காரின் அடியில் கறுப்பாய் ஒரு குட்டை உருவாகிக்கொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் தம்பி, படுத்துக்கொண்டே ஆயில் ஃபில்டரைக் கழற்றி, ஒன்றுக்குப் பதில் இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து நீட்டினார். பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். பழையதை எடுத்தெறிந்து, 3 லிட்டர் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்ததும் இரண்டே விநாடியில் விளக்கு அணைந்தது. கடகடவும் மெல்ல அடங்கியது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைகாப்பில் நான் பார்த்த வளையங்கள் அந்த இரண்டும்தான்.

வீடு திரும்பி சர்வீஸ் அட்டையை எடுத்துப் பார்த்தேன். "ஆயில் கசிவு: இல்லை" என்ற வரிக்கு நேராக, பச்சை மையில், மிக அழகான ஒரு டிக். மறுநாள் அந்த ஆலோசகரை அழைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ சென்சார் நல்லாத்தான் வேலை செய்யுது சார்." சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

அது போகட்டும். சர்வீஸ் விடும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகள் மூன்றையும் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைக்கிறார்களே, அந்த ஏழடி மனிதர் யார்? எனக்குப் பழையபடி வசதியாக உட்கார 9 நாள் ஆனது.