காலை மேலே இழுக்கச் சொல்லாதீர்கள்

ரோடு பைக் என்கிற வேக சைக்கிளும் பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவும் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்களிடம் போய், "மிதிச்சா மட்டும் பத்தாது தம்பி, பெடலை மேல இழுக்கணும், வட்டமா சுத்தணும்" என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் சைக்கிள் குழுக்களில் இன்னும் போகவில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரை தவறு, அதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

பெடலைக் கீழே தள்ளுவது புட்டத் தசையும் முன்தொடையும். உடம்பிலேயே பெரிய தசைகள் அவைதான். நடக்க, படியேற, உட்கார்ந்து எழுந்திருக்க என்று பிறந்ததிலிருந்து பழகியவை. மேலே இழுப்பதற்கோ இடுப்பை மடக்கும் தசைகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். மணிக்கணக்காகப் பாரம் இழுக்க அவற்றுக்குத் தெம்பும் கிடையாது, பழக்கமும் கிடையாது. பெரிய தசை சும்மா இருக்க, சின்னதை ஏன் வேலை வாங்குகிறோம்?

இது சோதித்துப் பார்த்த விஷயமும்கூட. தாமஸ் கார்ஃபும் அவர் குழுவினரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் சைக்கிள் வீரர்களை 200 வாட் சக்தியில், நிமிடத்துக்கு 90 சுற்றில் நான்கு விதமாக ஓட்டவைத்தார்கள்: வழக்கம்போல, வட்டமாக நினைத்து, மேலே இழுத்து, கீழே மட்டும் தள்ளி. மேலே இழுத்தபோது விசை கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கம்பியை)ச் சுற்றுவதற்கு அதிகமாகப் பயன்பட்டது உண்மை. ஆனால் அதே 200 வாட்டுக்கு உடம்பு செலவழித்த ஆற்றலும் கூடிவிட்டது. பெடலில் லாபம், உடம்பில் நட்டம். அதற்கும் முன்பே, 1991-ல் ஆய்வாளர் கோய்லும் குழுவினரும் தேசிய அளவிலான வீரர்களை அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மேல்தட்டு வீரர்கள் கூடுதலாக மேலே இழுக்கவில்லை. கீழே இன்னும் பலமாகத் தள்ளினார்கள்.

அப்படியானால் மேலே வரும் காலை என்ன செய்வது? பாரமாக விடாமல் இருந்தால் போதும். இரண்டு கிராங்கும் எதிரெதிரே பூட்டியவை. நீங்கள் வலது காலால் தள்ளும்போது இடது கால் பெடல்மேல் பிணமாகக் கிடந்தால், அதைத் தூக்குகிற வேலையும் வலது காலுக்கே வந்து சேர்கிறது. பெடலைத் தூக்க வேண்டாம், உங்கள் காலை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கடிகார முள்ளாக வைத்துச் சொன்னால், 12 மணிக்குச் சற்று முன்பே பாதத்தை முன்னால் தள்ளத் தொடங்கி, 3 மணியில் முழு பலத்தையும் கொடுத்து, 5 மணிக்கு விட்டுவிட வேண்டும். 6 மணியில் அழுத்துவது கிராங்கைச் சுற்றாது, வீண். நிறைய பேர் பலத்தைத் தொலைக்கிற இடம் அதுதான். ஷூவுக்குள் விரல்கள் மடங்கி இறுகியிருந்தால் தப்பாக மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய விஷயம் கியர். ஈசிஆரில் முட்டுக்காடு தாண்டி எதிர்காற்றில் போகும்போது பாருங்கள். முன்னால் 50 பல், பின்னால் 11 பல் உள்ள பற்சக்கரங்களைப் போட்டு, தோள் இரண்டும் ஆட, முழங்கால் வெளியே விரிய, ஒவ்வொரு மிதியையும் நசுக்கி நசுக்கிப் போகிற தம்பிகள் எத்தனை பேர்! அந்தக் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 52 சுற்று. பின்னால் 17 பல்லுக்கு மாற்றினால் அதே வேகத்துக்கு 81 சுற்று. வேகம் ஒன்று, வாட்டும் ஒன்று. ஆனால் பெடலில் விழும் சராசரி விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மூச்சு கொஞ்சம் கூடும், முழங்கால் பிழைக்கும். எல்லாரும் நிமிடத்துக்கு 100 சுற்றில்தான் மிதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1997-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற யான் உல்ரிச் பெரிய கியரில் மெதுவாக மிதித்தவர். 2013-ல் வென்ற கிறிஸ் ஃப்ரூம் வேகமாகச் சுற்றியவர். அவரவர் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஆனால் 50 சுற்றில் கிடப்பவர் 80-க்கு வந்தே ஆக வேண்டும். தட்டையான ரோட்டில் லேசான கியர் போட்டு, உட்காருமிடம் சீட்டில் குதிக்கத் தொடங்கும்வரை வேகத்தைக் கூட்டி, குதிப்பது நிற்கிற அளவுக்குக் குறைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்துப் பழகினால் தானாக வரும்.

பெடலில் பூட்டிக்கொள்ளும் அந்தக் கிளீட் ஷூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த பெடலை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அடுத்த ஆண்டே டூரை வென்றார்; அதற்குப் பிறகு உலகமே மாறிக்கொண்டது. அது நல்ல சாதனம்தான், நானும் அதில்தான் ஓட்டுகிறேன். பாதம் இடம் மாறாமல் நிற்கும், வேகமாகச் சுற்றும்போது நழுவாது. "மேல இழுத்தா டபுள் பவர்" என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மேலே இழுக்க வேண்டிய நேரமும் உண்டு: ஸ்பிரிண்ட், நின்ற இடத்திலிருந்து கிளம்புவது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று ஏறுகிற செங்குத்தான இடங்கள். அதெல்லாம் சில நொடி, மிஞ்சினால் சில நிமிடம். மாமல்லபுரம் போய்வர அது வேண்டாம்.

சீட் உயரம் சரியில்லாதவரிடம் மிதிக்கும் முறையைப் பேசுவதே வீண். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு இருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். ஆகவே சீனியர் அண்ணன்மார்களே, புதியவர் ஒருவர் குழுவில் சேர்ந்தால் முதலில் அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓட்டி இடுப்பைப் பாருங்கள். இடமும் வலமும் ஆடினால் ஓரமாக நிறுத்தி, ஆலன் கீயை (ஆறுமுகத் திருகுச் சாவியை) எடுத்து, சீட்டை அரை சென்டிமீட்டர் இறக்கிக் கொடுங்கள். அப்புறம் பின்னால் இரண்டு கியர் லேசாக்கச் சொல்லுங்கள்.